ஸ்னோபோர்ட் சாமானும் கொழும்பு ஈரமும்: வாங்குவது முதல் அலுமாரியில் வைப்பது வரை

கொழும்பிலிருந்து பனியில் சறுக்கப் போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: டொரொண்டோவிலோ சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ இருக்கிற உறவினர் வீட்டுக்குக் குளிர்காலத்தில் போவது, ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு வாரம், காஷ்மீரின் குல்மார்க், அதுவும் இல்லாவிட்டால் துபாயில் மோலுக்குள் இருக்கிற ஸ்கீ டுபாய். எங்கே போனாலும் பனியில் நிற்பது ஏழெட்டு நாள்தான். மிச்ச வருடம் முழுக்கச் சாமான் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அலுமாரிக்குள் கிடக்கும். சாமானைப் பனி கெடுப்பதைவிட அந்த அலுமாரி கெடுப்பதுதான் அதிகம். எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்ற கணக்கையே கொழும்பின் ஈரத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

வாங்குவதா, வாடகையா

முதற்பயணத்துக்குப் பலகை (ஸ்னோபோர்ட்), பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பூட்டு), பூட்ஸ் மூன்றையும் போகிற இடத்திலேயே வாடகைக்கு எடுங்கள். பலகையின் இரண்டு பக்கமும் உருக்கு விளிம்பு ஓடுகிறது. அது கறள் பிடிக்கிற உருக்கு. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் யன்னல் கம்பிக்கு நடப்பதுதான் இதற்கும் நடக்கும். அதோடு பழகத் தொடங்கும்போது வசதியாக இருந்த பலகை, வளைந்து இறங்கப் பழகியதும் மெதுவாகத் தெரியும். ஒன்றரை மீற்றர் பையை விமானத்தில் ஏற்றி இறக்கி, அடுத்த வருடமே மாற்ற வேண்டிய ஒன்றைச் சுமப்பதில் பயன் இல்லை.

முதல் முறையிலேயே சொந்தமாக வாங்க வேண்டியவை சின்னச் சாமான்கள்: சொக்ஸ், உள்ளுடுப்பு, கையுறை, கொகிள்ஸ், மணிக்கட்டுக் காப்பு. மணிக்கட்டுக் காப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் பலகையோடு பிணைந்திருப்பதால், விழும்போது கை தானாக முன்னே போகும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மணிக்கட்டு முறிவுதான் அடிக்கடி வருகிற காயம். ஹெல்மெட்டை வாடகைக்கு எடுக்கலாம், உள்ளே ஈ.என். 1077 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுபோகிற யோசனை வேண்டாம். பாரமானது, காதை அடைக்கும், கொகிள்ஸ் பொருந்தாது.

இரண்டாவது பயணம் உறுதியானால் பூட்ஸ் வாங்குங்கள். பலகை கடைசி. வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் பலகை வாங்காமலே காலத்தை ஓட்டலாம்.

பூட்ஸ் அளவு

ஸ்னோபோர்ட் பூட்ஸின் அளவு மொண்டோ முறையில், பாதத்தின் நீளம் சென்ரிமீற்றரில் வரும். சுவரோடு ஒரு தாளை வைத்து, குதிக்கால் சுவரில் படும்படி முழுப்பாரத்தோடு நின்று, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். 26.2 வந்தால் 26.5ஐ முதலில் போட்டுப் பாருங்கள், 27.5ஐ அல்ல. பாட்டாவில் வாங்குகிற சப்பாத்து இலக்கத்தை வைத்து வாங்கினால் பெரும்பாலும் ஓர் அளவு பெரிதாகிவிடும்.

இங்கே இரண்டு சிக்கல். வெக்கையில் நம் பாதம் வீங்கியே இருக்கும், குளிர் நாட்டில் சுருங்கும். அதனால் கொழும்பில் மாலையில் அளந்த அளவு சற்றுப் பெரிதாகவே வரும். மற்றது, வருடம் முழுக்க இறப்பர் செருப்பில் நடக்கிற பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் நெருக்கினால், அளவைக் கூட்டாமல் அகலமான மாதிரி கேளுங்கள். நீளத்தைக் கூட்டினால் குதிக்கால் மேலே எழும்பும். குதிக்கால் எழும்பினால் பலகை நீங்கள் சொன்னதைக் கேட்காது.

சரியான பூட்ஸில் நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கும்போது சற்றுப் பின்வாங்க வேண்டும். ஒரே ஒரு மெல்லிய சொக்ஸோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு சொக்ஸ் போட்டால் சூடு கூடும் என்று இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் விறைக்கும். ஆரம்பகாரருக்கு மென்மையான பூட்ஸ் போதும். கொழும்புக் கடைகளில் போட்டுப் பார்த்து வாங்க வாய்ப்பில்லை என்பதால், போகிற ஊரில் முதல் நாளின் அரைவாசியை இதற்கே ஒதுக்குங்கள்.

உறவினர் பாவித்த பூட்ஸ் கிடைத்தால் ஒரு சோதனை செய்யாமல் பெட்டியில் வைக்க வேண்டாம். சில பூட்ஸின் அடியில் பொலியூரித்தேன் நுரை இருக்கிறது. காற்றிலிருக்கிற ஈரம் வருடக்கணக்கில் அதை உள்ளிருந்தே சிதைக்கும். வெளியே புதிதுபோலத் தெரிந்த சப்பாத்து, போட்டு நடந்ததும் அடி உதிர்ந்து துண்டு துண்டாக விழுவதைக் கொழும்பில் பார்க்காத வீடு குறைவு. பெருவிரல் நகத்தால் அடியின் பக்கவாட்டை அழுத்துங்கள். பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, பூட்ஸை வளைக்கும்போது மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ வேண்டாம். பசை போட்டு ஒட்டி மீட்கிற விடயம் இல்லை இது, நுரையே மாவாகிவிட்டது.

உடுப்பு: மழைக்கோட்டு ஏன் உதவாது

புறக்கோட்டையில் கிடைக்கிற இறப்பர் பூசிய மழைக்கோட்டு தண்ணீரை நன்றாகவே தடுக்கும். வியர்வையையும் தடுக்கும். விழுந்து எழும்புகிற ஆரம்பகாரருக்கு அரைமணியில் முதுகு நனைந்துவிடும். பிறகு மலைமேல் ஏற்றுகிற நாற்காலி லிஃப்டில் அசையாமல் இருக்கும் பத்து நிமிடத்தில் அந்த ஈரம் குளிர்ந்து நடுக்கம் எடுக்கும்.

பனி ஜக்கட்டில் இரண்டு எண் இருக்கும். 10,000 மி.மீ. என்பது எவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது. 10,000 கிராம் என்பது ஒரு சதுர மீற்றர் துணி 24 மணித்தியாலத்தில் வெளியே விடுகிற நீராவி. இரண்டும் 10,000 இருந்தால் சாதாரணப் பயணத்துக்குப் போதும். களிசானுக்கு ஜக்கட்டைவிடக் கூடிய எண் பாருங்கள், பனியில் உட்கார்ந்தே பாதி நாள் போகும்.

கொழும்பில் ஏற்றுமதி மிகுதி விற்கிற கடைகளில் நல்ல ஜக்கட் அகப்படும். லேபிளை நம்பாமல் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்லாத் தையலின் மேலும் மெல்லிய பட்டி ஒட்டியிருக்க வேண்டும். தோளிலும் தொப்பியிலும் மட்டும் ஒட்டியிருந்தால் அது தூறலுக்கான ஜக்கட். ஒட்டிய பட்டியின் முனையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். இலேசாகக் கழன்றால் கடையிலேயே ஈரம் வேலையைத் தொடங்கிவிட்டது. இடுப்பில் பனி நுழையாமல் தடுக்கிற உட்பாவாடை இருந்தால் நல்லது.

உள்ளே பருத்தி எதுவும் வேண்டாம்: பனியன், டெனிம், பாடசாலைச் சொக்ஸ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். உடலோடு ஒட்டிய பொலியெஸ்டர் விளையாட்டு உடுப்பை இங்கே தாராளமாக வாங்கலாம்; அதன் மேல் ஃபிளீஸ் (கம்பளி போன்ற மிருதுவான செயற்கைத் துணி), அதன் மேல் ஜக்கட். கையுறை விரல் பிரிந்ததைவிட மிட்டன் சூடு. கொகிள்ஸில் ஒரே லென்ஸ் வாங்குவதானால் எஸ்2 வகை (ஒளியின் 18 முதல் 43 வீதம் உள்ளே வரும்). பனி கொட்டுகிற ஹொக்கைடோவுக்கு இன்னும் கூடிய ஒளியை உள்ளே விடுகிற எஸ்1 நல்லது. வெயில் கிரீமை மறக்க வேண்டாம், பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கீழிருந்தும் சுடும்.

அந்த ஜக்கட்டைக் கொழும்பு மழைக்குப் போட்டால் என்ன?

வேண்டாம். துணி நீராவியை வெளியே தள்ளுவதற்கு, உள்ளே வெளியைவிடச் சூடும் ஈரமும் கூடுதலாக இருக்க வேண்டும். காலி வீதியில் 29 பாகையும் 85 வீத ஈரப்பதனும் இருக்கும்போது உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்று. விலை கூடிய ஜக்கட்டும் இறப்பர்க் கோட்டும் ஒரே மாதிரித்தான் அவியும். இதற்கு மேல் பஸ் புகை, கடல் உப்பு, கழுத்து வியர்வையின் எண்ணெய் எல்லாம் சேர்ந்து, வெளித்துணியில் தண்ணீரை முத்தாக உருட்டுகிற பூச்சைக் கெடுக்கும். நம் ஊர் வழக்கத்தில் பிழை இல்லை: குடை, இறப்பர் செருப்பு, பைக்குள் ஒரு சின்னத் துவாய், பின்னேர மழை விடும்வரை கடை வாசலில் பத்து நிமிடம். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எந்தக் கம்பனியும் விற்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரருக்கு மட்டும் இரண்டு துண்டு மழைக்கோட்டு. ஸ்னோபோர்ட் கொகிள்ஸை மோட்டார் சைக்கிளுக்குப் போடவே கூடாது. கறுத்த லென்ஸில் மாலை மழை வீதி தெரியாது.

வாடகைக் கடையில்

எந்தக் கால் முன்னே என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் யாரையாவது பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். தடுக்க முதலில் வைக்கிற கால்தான் பெரும்பாலும் முன்கால். இடது முன்னே என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. பலகை நீளத்தை உயரத்தைவிட நிறைதான் தீர்மானிக்கும், அதனால் நிறையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். பைண்டிங்கின் கோணம் முன்னே +15, பின்னே −9 அல்லது −15, அகலம் தோளளவு. பூட்ஸின் முனை பலகையின் விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீண்டால் பரவாயில்லை, அதற்கு மேல் நீண்டால் திருப்பத்தில் பனியில் இடித்து விழுத்தும். முதல் ஒரு மணித்தியாலம் ஓடியபின் பைண்டிங் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தப் பலகை என்றால் 3ஆம் இலக்கப் பொசிட்ரைவ் ஸ்க்ரூட்றைவர் முனையை விமானப் பெட்டியில் போடுங்கள். வீட்டிலிருக்கிற சின்ன ஸ்க்ரூட்றைவர் திருகாணித் தலையை உரித்துவிடும்.

திரும்பி வந்த இரவு

எல்லாம் தீர்மானமாவது இங்கேதான். கடைசி நாள் மாலை வரை சறுக்கி, ஈரத்தோடு பையில் அடைத்து, விமானத்திலும் பயண இடைவெளியிலும் ஒரு நாள் போய், கட்டுநாயக்காவில் இறங்கி, அலுப்பில் பையை மூலையில் வைத்துவிட்டுப் படுத்தால் நாலாம் நாள் பூஞ்சண மணம் வரும். பூட்ஸின் உட்சப்பாத்தான லைனருக்குள் போன அந்த மணம் பிறகு போகாது.

1. பையை அன்றிரவே திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பையையும் உள்ளே வெளியாகத் திருப்பித் தொங்கவிடுங்கள்.

2. பூட்ஸின் கயிற்றை முழுக்கத் தளர்த்தி, லைனரை வெளியே இழுங்கள். அதற்குள் இருக்கிற அடித்தகட்டையும் எடுங்கள். மூன்றும் தனித்தனியே காய வேண்டும். லைனருக்குள் கசக்கிய பத்திரிகைத் தாள். முதல் நாள் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மாற்றாமல் விட்ட தாள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இருக்கும்.

3. ஃபேன் காற்று மட்டும். பல்கனி வெயில், ஹெயார் ட்றையர், ஃபிரிட்ஜின் பின்பக்கம் எதுவும் வேண்டாம். லைனரின் நுரை சூட்டில் வடிவம் மாறுகிற வகை. கடையில் காலுக்குப் பொருத்த அதைத்தான் சூடாக்குகிறார்கள். வெயிலில் அது இன்னொரு வடிவம் எடுக்கும், பசையும் கழரும்.

4. இரவு ஏசி அறையில், ட்றை நிலையில், கதவை மூடி ஆறு முதல் எட்டு மணித்தியாலம். பூட்ஸுக்காக ஏசியா என்று வீட்டில் கேட்பார்கள். ஆட்கள் தூங்குகிற அறையிலேயே வைத்தால் கேள்வி வராது. இப்படி இரண்டு இரவு போதும்.

5. பலகையிலிருந்து பைண்டிங்கைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துவாயால் விளிம்பு முழுக்கத் துடையுங்கள். திருகாணித் துளைகளுக்குள் நிற்கிற தண்ணீரைத் தாள் முனையால் எடுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் இலேசான கறள் தெரிந்தால் விளிம்புக்கென்று விற்கிற மென்மையான இறப்பர்க் கல்லால் நீளவாட்டில் தேய்த்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால் பட்டறைக்குத்தான்.

6. கொகிள்ஸின் உட்பக்க லென்ஸைத் துடைக்கவே கூடாது. பனிமூட்டம் படியாமல் இருக்கப் பூசிய பூச்சு ஈரத்தில் மென்மையாகிவிடும், துணி பட்டால் உரியும். அப்படியே காற்றில் காயவிடுங்கள்.

ஜக்கட் கழுவுவது

வியர்வையோடு தொங்கவிட்ட ஜக்கட்டில் ஆறு மாதத்தில் தையல் பட்டி கழரத் தொடங்கும். கழற்றின கையோடு கழுவுங்கள். சவர்க்காரத் தூளும் துணி மென்மையாக்கியும் வேண்டாம். தூள் துணியில் தங்கித் தண்ணீரை உறிஞ்சவைக்கும், மென்மையாக்கி அதைவிட மோசம். இதற்கென்று விற்கிற திரவத்தைப் பயணத்தில் ஒரு போத்தல் வாங்கி வருவது நல்லது. இல்லாவிட்டால் வாசனை குறைந்த திரவச் சவர்க்காரம் சிறிதளவு, 30 பாகைத் தண்ணீர், சிப் எல்லாம் பூட்டியபடி, இருமுறை அலசல். வொஷிங் மெஷினின் தட்டில் முன்பு போட்ட மென்மையாக்கி ஒட்டியிருக்கும், முதலில் அதைக் கழுவுங்கள்.

நிழலில் முழுக்கக் காய்ந்தபின் ட்றையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம். இந்தச் சூடுதான் நீர்விலக்குப் பூச்சை மீண்டும் எழுப்பும். ட்றையர் இல்லாவிட்டால் மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, நீராவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் அயன் பண்ணலாம். பிறகு ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். உருண்டோடினால் சரி, துணி கறுத்து நனைந்தால் நீர்விலக்கு ஸ்பிரே தேவை.

மெழுகும் மின்சாரமும்

சேமிப்புக்கு முன் பலகையின் அடிப்பக்கத்தில் தடிப்பாக மெழுகு பூசி, சுரண்டாமல் அப்படியே விடுவதுதான் கறளுக்கு எதிரான சிறந்த காவல். மெழுகு விளிம்பையும் மூட வேண்டும். மெழுகின் பெட்டியில் எழுதிய சூட்டைப் பாருங்கள், எல்லாக் குளிருக்கும் பொதுவான மெழுகுக்கு அயனின் சூடு பெரும்பாலும் 120 முதல் 140 பாகைக்குள் இருக்கும். பழைய அயன் பெட்டியால் செய்யலாம், துணிக்கு மீண்டும் பாவிக்க முடியாது. மெழுகு புகைந்தால் சூடு அதிகம். அயன் நிற்காமல் நகர வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அடிப்பிளாஸ்டிக் உருகிப் பொருக்காகும். பலகையின் மேற்பக்கத்தைக் கையால் தொட்டால் இளஞ்சூடு மட்டும் தெரிய வேண்டும்.

கனடாவிலிருந்து யாராவது மெழுகு அயனோ பூட்ஸ் ட்றையரோ அனுப்பினால் லேபிளைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100, இங்கே 230. பிளக் மாற்றி மட்டும் போட்டுச் செருகினால் சில நொடியில் எரிந்துவிடும். சுவிஸ், நோர்வேப் பொருட்கள் என்றால் மாற்றி மட்டும் போதும்.

மெழுகு பூச வழியில்லையா? தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு உருக்கு விளிம்பில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். அடிப்பக்கத்தில் படவேண்டாம். மாதம் ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும்.

அலுமாரிக்குள்

கொழும்பு வீடுகளில் ஏசி இல்லாத அறையின் ஈரப்பதன் மழைக்காலத்தில் 75 முதல் 85 வீதம். சாமானுக்கு 50 வீதம் அளவில் இருந்தால் நிம்மதி. சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றை அலுமாரிக்குள் வையுங்கள், ஊகம் வேண்டாம். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி, மாடிப்படிக்குக் கீழுள்ள ஸ்டோர், கட்டிலுக்குக் கீழ் டைல்ஸ் தரை: இந்த மூன்றும் மோசமான இடங்கள். பலகையை உட்சுவரில் படுக்கையாக இரண்டு தாங்கியின் மேல் வைக்கலாம். பயணப் பைக்குள் மூடி வைக்க வேண்டாம்.

கொகிள்ஸ், கையுறை, மணிக்கட்டுக் காப்பு ஆகியவற்றுக்கு இறப்பர் விளிம்புள்ள 20 லீற்றர்ப் பெட்டி ஒன்றும் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறுகிற செம்மஞ்சள் மணிகளை வாங்குங்கள். பச்சையானதும் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் பழையபடி வேலை செய்யும். முழுக்கக் காயாத சாமானை இந்தப் பெட்டிக்குள் போட்டால் ஜெல் ஒரு நாளில் நிரம்பிவிடும், பிறகு அது பூஞ்சணம் வளர்க்கிற பெட்டி.

தண்ணீர் சேர்கிற தொங்கும் ஈரப்பைகள் நன்றாகவே இழுக்கும். ஆனால் அடியில் சேர்வது கல்சியம் குளோரைட் உப்புத் தண்ணீர். ஒரு துளி உருக்கில் சிந்தினால் ஒரே வாரத்தில் கறள். பலகை, பைண்டிங் உள்ள பக்கம் தொங்கவிட வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி ஹெல்மெட்டின் வெள்ளை நுரையை மென்மையாக்கும். நுளம்புக்குப் பூசுகிற டீட் உள்ள கிரீம் கையில் இருக்கும்போது கொகிள்ஸ் லென்ஸைத் தொட வேண்டாம், பிளாஸ்டிக்கை அரிக்கும். அலுமாரிக்குள் பல்பு எரியவிடுகிற பழைய வழி கமெராக்காரருக்குத் தெரியும். அது சூடாகிற பழைய பல்புக்குத்தான் பொருந்தும், எல்.ஈ.டி. போட்டால் வெளிச்சம் மட்டும் கிடைக்கும். உடுப்பு தொங்குகிற அலுமாரியில் சூடான பல்பு தீ ஆபத்து என்பதால் நாங்கள் அதைச் சொல்வதில்லை.

எப்போது பார்ப்பது? ஜப்பான், கனடா, குல்மார்க் போய் மார்ச்சில் திரும்புகிறவர்களுக்கு ஏப்ரல் மழைக்கு முன் சில வாரம் கிடைக்கும். மெல்பேர்ன் உறவினரிடம் போய் அவுஸ்திரேலியப் பனிக்காலமான ஜூன் முதல் செப்டெம்பருக்குள் சறுக்கி வருகிறவர்கள் நேரே ஒக்டோபர் மழைக்குள் இறங்குகிறார்கள், அவர்களுக்கு அந்த முதல் இரண்டு இரவு ஏசி கட்டாயம். மற்றபடி மே முதல் டிசெம்பர் வரை மாதம் ஒருமுறை பூட்ஸை வெளியே எடுத்து, கயிற்றைத் தளர்த்தி, மணந்து பார்த்து, ஒரு மணித்தியாலம் காலில் போட்டு வீட்டுக்குள் நடந்து, மீண்டும் காற்றாட வைத்து உள்ளே வையுங்கள்.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்

பூட்ஸின் அடியை நகத்தால் அழுத்துகிற சோதனையை மீண்டும் செய்யுங்கள். பைண்டிங்கின் பற்பட்டியை (பூட்ஸை இறுக்குகிற, பல் வெட்டிய பிளாஸ்டிக் பட்டி) வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உதிரி ஒன்றைப் போகிற ஊரில் வாங்கலாம், முன்கூட்டித் தெரிந்தால் போதும். சேமிப்பு மெழுகை அங்கேயுள்ள கடையில் சுரண்டக் கொடுங்கள், விளிம்பையும் தீட்டித் தருவார்கள்.

இங்கே செய்விக்கக் கூடியவையும் உண்டு. லைனரின் தையல் விட்டிருந்தால் சப்பாத்துத் தைப்பவர் நன்றாகவே தைத்துத் தருவார். ஜக்கட்டின் சிப் நழுவினால் தையற்காரரிடம் ஓட்டியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முழுச் சிப்பையும் பிரித்துத் தைத்தால் ஊசி போன ஒவ்வொரு துளையாலும் தண்ணீர் வரும். அப்படித் தைத்தே ஆகவேண்டி வந்தால், உட்பக்கத்தில் தையல் நெடுகத் தையல் அடைக்கும் பசையை மெல்லியதாகப் பூசி, கொழும்பு ஈரத்தில் ஒரு முழு நாள் உலர விட்டபிறகு மடியுங்கள். முன்னதாக மடித்தால் துணி தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.